இலையிலேயே தங்கிப்போன இனிப்பு

காமயகவுண்டன்பட்டி வட்டாரத்தில் யார் புதிதாகத் திராட்சைத் தோட்டம் போட்டாலும் முதல் கன்றை ஊன்ற இஞ்ஞாசிமுத்து மாமாவைத்தான் கூப்பிடுவார்கள். கல்தூண் நட்டு, கம்பி இழுத்து, குழி வெட்டி, எரு போட்டு எல்லாம் தயாராகக் கிடக்கும். அவர் வந்து ஊன்றாமல் ஒரு குழிகூட மூடப்படாது. குளித்துவிட்டு வெள்ளை வேட்டியில் வருவார். உப்புத் தண்ணீரில் கை கழுவுவார். தன் வீட்டுக் கொடியிலிருந்து வெட்டி, பால் கவரில் மண் போட்டு வேர் பிடிக்க வைத்த ஒரே ஒரு குச்சியைக் கொண்டுவந்திருப்பார். நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு அதை ஊன்றி, சுற்றிலும் மண்ணைக் கட்டைவிரலால் நான்கு அழுத்து அழுத்துவார். ஒரு டம்ளர் காப்பி. அவ்வளவுதான் கூலி.

அவருக்குக் கைராசி. வேதக்காரர்களாகிய கிறிஸ்தவர்கள், மற்றவர்கள் என்று வித்தியாசம் இல்லாமல் எல்லோரும் நம்பினார்கள். கம்பத்தில் பழக்கடை வைத்திருக்கும் கமால் பாய்கூடத் தோட்டம் போட்டபோது அவரைக் காரில் ஏற்றிக்கொண்டு போனார். நான் ஏழாம் வகுப்புக்கு அறிவியல் எடுப்பவள். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இருக்கக் கூடாது. எங்கள் அரை ஏக்கரில் பந்தல் போட்டபோது அவர் வீட்டுக்கு நடந்துபோய்க் கூப்பிட்டவள் நான்தான். வெட்கமாகத்தான் இருந்தது. வெட்கத்தோடு கூப்பிட்டேன்.

மாமா பதினைந்து வயதில் கவாத்துக் கத்தரி பிடித்தவர். இடது கட்டைவிரலில் நகம் கிடையாது. கத்தரி வாங்கிக்கொண்டு போய்விட்டது. ஐம்பது வருஷம் பிறத்தியார் தோட்டத்தில் அண்ணாந்து பார்த்தே வேலை செய்ததால் கழுத்து எப்போதும் லேசாகப் பின்னால் சாய்ந்திருக்கும். தெரியாதவர்கள் திமிர் பிடித்த மனுஷன் என்று நினைப்பார்கள். அவருக்கும் செபஸ்தியம்மாள் அத்தைக்கும் பிள்ளை இல்லை. யாராவது அதைப் பற்றி வாயெடுத்தால் அத்தை முந்திக்கொள்வாள்.

"எனக்கென்ன குறைச்சல்? இங்கன இருந்து கம்பம் வரைக்கும் பந்தல்ல தொங்குறது பூரா எம் பிள்ளைகதான்."

விளையாட்டுப் பேச்சு இல்லை. அவர் ஊன்றிய முதல் கொடி நன்றாக வந்ததும், அதிலிருந்தே குச்சி வெட்டி மற்ற இடங்களை நிரப்புவது எங்கள் வழக்கம். பட்டுப்போன கொடிக்குப் பதில் வைப்பதற்கும் அதே குச்சி. ராசியான கொடி இருக்கும்போது வேறு எதற்கு? அப்படியே ஒரு கொடி நூறாகி, ஒரு தோட்டம் பலவாகி, சுற்றுவட்டாரம் முழுக்க அவர் வீட்டுப் பின்கட்டில் நிற்கும் அந்த ஒற்றைத் தாய்க்கொடியின் வாரிசுகள்தான்.

எட்டு வருஷத்துக்கு முன்னால் அந்தத் தாய்க்கொடி சிவக்க ஆரம்பித்தது. காய் முற்றும் சமயத்தில் அடி இலைகள் ஒவ்வொன்றாகச் சிவக்கும். நரம்பு மட்டும் பச்சை. ஓரம் கீழ்ப்பக்கமாகச் சுருளும். அழகு என்றால் அப்படி ஓர் அழகு. கேரளாவிலிருந்து தோட்டம் பார்க்க வந்தவர்கள் அதன் கீழே நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். கோயிலில் மாதா திருவிழாவுக்கு சப்பரம் ஜோடிக்க அந்த இலையைத்தான் கேட்டு வாங்கினோம். புதிதாகத் தோட்டம் போட்டவர்கள், "மாமா, அந்தச் சிவப்புக் கிளையிலயே ஒரு குச்சி குடுங்க" என்று பிரியப்பட்டுக் கேட்டார்கள். அவரும் பிரியமாகக் கொடுத்தார்.

அப்புறம் எங்கள் தோட்டங்களும் ஒவ்வொன்றாகச் சிவந்தன. நாங்கள் பெருமைப்பட்டோம். எங்களைப்போல முட்டாள்கள் எங்கேயும் கிடையாது.

மூன்று வருஷத்துக்கு முன்பு பழத்தில் இனிப்பு குறைந்தது. கொத்து தொங்கும், காய் பருக்கும், நாள் கணக்கும் சரியாக இருக்கும். பாதி மணி கறுத்திருக்கும், பாதி மணி பச்சையாகவே நிற்கும். குமுளி வழியாக வரும் வியாபாரி ஒரு மணியைப் பிய்த்து வாயில் போட்டு, "மதுரம் போரா", இனிப்பு போதாது என்று மலையாளத்தில் சொல்லித் துப்பிவிட்டுப் போய்விடுவார். பொட்டாஷ் போட்டோம். வெல்லத் தண்ணீர் ஊற்றினோம். வேரில் வெல்லம் ஊற்றினால் பழம் இனிக்கும் என்று நான்கூட நம்பியது இப்போது நினைத்தால் எரிச்சலாக இருக்கிறது. வேதக்காரர்கள் ஒன்பது நாள் நவநாள் ஜெபம் செய்தார்கள். மற்றவர்கள் குச்சனூர் சனீஸ்வரன் கோயிலுக்குப் போய் எள் விளக்குப் போட்டார்கள். இனிப்பு ஏறவில்லை.

போன வருஷம் அப்ரின் வந்தாள். உத்தமபாளையத்துப் பெண், செடி நோய்களைப் படித்தவள், ஆராய்ச்சி வேலையில் இருக்கிறாள். பழச்சாற்றில் ஒரு சொட்டை ஒரு சின்னக் குழாய்க்குள் விட்டுக் கண்ணில் வைத்துப் பார்த்தாள். நல்ல பன்னீர்த் திராட்சைக்கு இனிப்பின் அளவு பதினெட்டு இருக்க வேண்டுமாம். எங்களுடையது பன்னிரண்டு. முப்பத்தொன்பது தோட்டத்தில் இலைக்காம்புகளை வெட்டி, ஐஸ் பெட்டியில் அடுக்கிக்கொண்டாள். பரிசோதனை முடிவு வர ஒரு மாதம் ஆகும் என்றாள். கிளம்பும்போது என்னிடம், "டீச்சர், அதுவரைக்கும் உங்க ஸ்கூல் லேப்லயே ஒண்ணு செஞ்சு பார்க்கலாம். அயோடின் இருக்குல்ல?" என்று கேட்டாள்.

இருந்தது. அடுத்த சனிக்கிழமை அவளும் வந்தாள். சூரியன் கிளம்பும் முன்பு இரண்டு இலை பறித்துவரச் சொல்லியிருந்தாள். ஒன்று மாமாவின் தாய்க்கொடியிலிருந்து. இன்னொன்று லோயர் கேம்ப் பக்கம் மாமாவின் கை படாத ஒரு தோட்டத்திலிருந்து. மாமாவும் அத்தையும் பள்ளிக்கூட பெஞ்சில் வந்து உட்கார்ந்துகொண்டார்கள். இலைகளை ஸ்பிரிட்டில் வேகவைத்து நிறத்தை எடுத்தேன். இரண்டும் வெளுத்துக் காகிதம்போல் ஆயின. வெள்ளைத் தட்டில் பரப்பி அயோடின் ஊற்றினேன். லோயர் கேம்ப் இலை லேசான பழுப்போடு நின்றது. மற்றது கறுத்தது. மை கொட்டியதுபோலக் கறுத்தது.

"எது என்னோடது?" என்று மாமா கேட்டார்.

நான் தட்டைக் காட்டினேன். அவர் எழுந்துவந்து குனிந்து பார்த்தார். அண்ணாந்தே பழகிய கழுத்து குனியச் சிரமப்பட்டது.

அப்ரின் பக்கத்தில் வந்து நின்று பொறுமையாகச் சொன்னாள். "ஐயா, இலை பகல்ல சர்க்கரை செய்யும். பொழுது விடியிறதுக்குள்ள அதை நரம்பு வழியா பழத்துக்கும் வேருக்கும் இறக்கி விட்டுரணும். இந்த இலை இறக்கி விட்டுருச்சு, அதான் கறுக்கல. உங்க இலை இறக்கி விடல. எல்லாம் மாவா உள்ளயே தேங்கிக் கிடக்கு."

"ஏன் இறக்கல? என் கொடி அப்படியெல்லாம் பண்ணாதே."

"அதுக்கு வைரஸ் வந்திருக்குன்னு நினைக்கிறேன்ய்யா. வைரஸுக்குன்னு சொந்தமா அடுப்பு கிடையாது. சாப்பிடாது, மூச்சு விடாது. செடியோட செல்லுக்குள்ள போயி, அங்கன இருக்கிற அடுப்பு, சாமான், ஆளு எல்லாத்தையும் தன் வேலைக்குத் திருப்பிக்கும். அப்புறம் செல்லு தன் வேலையை ஒழுங்காப் பார்க்காது, வைரஸுக்குத்தான் சமைச்சுப் போடும். இது குடியிருக்கிறது இனிப்பு இறங்குற நரம்புல. வழி கெட்டுப்போயி சர்க்கரை இலையிலயே தங்கிருது. நம்மகிட்டதான் நிறைய இருக்கேன்னு இலையும் வேலையைக் குறைச்சுக்கும். தேங்குனதுல கொஞ்சம் சிவப்புச் சாயமா மாறும்."

அத்தைக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. "அப்ப அந்தச் சிவப்பு?"

"நோய்தாம்மா."

"மாதாவுக்குச் சப்பரம் கட்டுனோமே ஆத்தா" என்றாள் அத்தை.

மாமா மருந்து கேட்டார். அப்ரின் இல்லை என்று தலையாட்டினாள். "கொடிக்கும் வைரஸுக்கும் ஒரே அடுப்புய்யா. அடுப்பை அணைச்சா ரெண்டும் போயிரும்."

"அப்ப கொடி செத்துருமா?"

"சட்டுனு சாகாது. இருக்கும், தழையும், காய்க்கும். இனிக்காது. மாவுப்பூச்சி உறிஞ்சிட்டு அடுத்த கொடிக்குப் போச்சுன்னா அதுக்கும் கொண்டுபோய்க் குடுத்துரும். குச்சி வெட்டி வச்சா குச்சியோடயே போகும். முதல் வருஷம் ரெண்டு வருஷம் ஒண்ணுமே தெரியாது. பச்சப்பசேல்னு இருக்கும்."

"குச்சியோடயே போகும்" என்பதை மாமா மெதுவாக ஒருமுறை சொல்லிப் பார்த்தார். பிறகு தன் இரண்டு கைகளையும் மடியில் விரித்து வைத்துக்கொண்டு பார்த்தார். கைராசிக்காரர் என்ற பேர் ஒன்றுதான் அந்த மனுஷனுக்குச் சொத்து. அது போகப்போகிறது, அதை நான் என் கையால் அயோடின் ஊற்றிக் காட்டிவிட்டேன்.

ஒரு மாதம் கழித்து முடிவு வந்தது. அப்ரின் காகிதத்தோடு அவர் வீட்டுக்கே வந்து உட்கார்ந்தாள். முப்பத்தொன்பதில் முப்பத்தாறு தோட்டத்தில் வைரஸ். "எங்க இருந்து ஆரம்பிச்சதுன்னு உறுதியாச் சொல்ல முடியாதுய்யா" என்று மூன்று தடவை சொன்னாள். நல்ல பெண். அவளுக்குப் பொய் சொல்ல வரவில்லை.

"இல்லாத மூணு தோட்டம் எது?" என்று கேட்டார் மாமா.

அவள் படித்தாள். ஒன்று லோயர் கேம்ப். ஒன்று வெளியூர்க்காரர் ஒருவர் வாங்கி, கன்றையும் அவரே கொண்டுவந்து வைத்தது. மூன்றாவது சாலமனுடையது. சாலமனுக்கும் மாமாவுக்கும் திருவிழாக் கமிட்டியில் சண்டை. பேச்சுவார்த்தை இல்லாததால் சாலமன் அவரைக் கூப்பிடாமல் தானே நட்டுக்கொண்டான். ஊரே அவனைப் பார்த்துச் சிரித்தது.

"சாலமன் பொழைச்சான்" என்றார் மாமா.

யாரும் அவரைத் திட்டவில்லை. அதுதான் பெரிய கொடுமை. கமால் பாய் வந்து, "நீங்களா அண்ணே செஞ்சீக? எல்லாம் ஆண்டவன் செயல்" என்றார். ஒவ்வொருவராக வந்து ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார்கள். எல்லோரும் போன பிறகு அவர் என்னிடம் சொன்னார். "ஒருத்தராச்சும் நல்லா வஞ்சிட்டுப் போயிருந்தாகன்னா சோறு எறங்கும் ஆத்தா."

தாய்க்கொடியைப் பிடுங்குவது என்று அவரே முடிவு செய்தார். கருத்தக்கண்ணனும் இன்னும் நான்கு பேரும் கடப்பாரையோடு வந்தார்கள். கருத்தக்கண்ணன் இருபது வருஷமாக அவரோடு கவாத்து வேலைக்குப் போகிறவன். அடிமரம் ஆள் தொடை கனம் இருந்தது. வேரோடு சாய்த்ததும் பின்கட்டில் வெயில் நேராக விழுந்தது. மாமா உள்ளே போய்ச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். பச்சைக் கொடி உடனே எரியாது. காயட்டும் என்று குவித்துப் போட்டார்கள். மூன்று நாள் அது அங்கேயே கிடந்தது.

இரண்டாம் நாள் சாயங்காலம் நான் போனேன். மாமாவைப் பார்க்கத்தான் போனேன். அவர் படுத்தே கிடந்தார். பின்பக்கம் வந்தபோது குவியல் இன்னும் காயாமல் கிடந்தது. அதன் முன்னால் நின்று அழுதேன். எங்கள் பந்தல், என் வீட்டுக்காரர் உயிரோடு இருந்தபோது மாமாவோடு சிரித்துக்கொண்டே ஊன்றிய முதல் கொடி, அதையும் பிடுங்கத்தான் வேண்டும். எல்லாமே போய்விட்டால் என்ன மிஞ்சும்? ஒரே ஒரு தொட்டியில் வைத்துக்கொண்டால் யாருக்கு என்ன நஷ்டம்? காய்க்க விடப்போகிறேனா, விற்கப்போகிறேனா?

செபஸ்தியம்மாள் அத்தை பக்கத்தில் வந்து நின்றாள். நான் கேட்கவே இல்லை. முற்றின கிளையாகப் பார்த்து நான்கு குச்சி வெட்டி என் முந்தானையில் வைத்தாள்.

"கொண்டு போ ஆத்தா. அவருக்குத் தெரிய வேணாம். நீ ஏழாவது ஆளு."

வைரஸ் என்றால் என்ன, எப்படிப் பரவும் என்று கரும்பலகையில் படம் போட்டு விளக்குபவள் நான். அயோடின் ஊற்றியவளும் நான்தான். அந்த நான்கு குச்சியையும் வீட்டுக்குக் கொண்டுவந்து, பின்பக்க வேலியோரம் தொட்டியில் வைத்துத் தண்ணீர் ஊற்றினேன். என்னை எதால் அடிப்பது?

அதற்குப் பிறகு மாமா எதையும் தொடுவதை நிறுத்திவிட்டார். பூசையில் சமாதானம் சொல்லும் நேரம் எல்லோரும் கை கொடுப்பார்கள். அவர் கையைக் கட்டிக்கொண்டு தலையை மட்டும் ஆட்டுவார். யாராவது கைக்குழந்தையை நீட்டினால் பின்வாங்குவார். மனுஷனுக்கு ஒட்டாது, திராட்சைக்கு மட்டும்தான் என்று அப்ரின் போனில் எத்தனையோ தடவை சொல்லிவிட்டாள். "தெரியும்மா" என்பார். கை அக்குளுக்குள்ளேயே இருக்கும்.

கருத்தக்கண்ணன் இத்தனை வருஷம் பிறத்தியாருக்கு உழைத்துவிட்டு, அந்தச் சமயத்தில்தான் என் வீட்டுக்குப் பின்னால் நாற்பது சென்ட் வாங்கியிருந்தான். அப்ரின் எங்கிருந்தோ பரிசோதித்த சுத்தமான கன்றுகளை வரவழைத்துக் கொடுத்தாள். ஊன்றும் நாள் காலையில் அவன் மாமா வீட்டுக்குப் போனான். நானும் கூடப் போனேன்.

"அண்ணே, நீங்க வந்து வச்சாத்தான் வைப்பேன். குச்சி உங்களது இல்ல, கை மட்டும் உங்களது. அதுல என்ன வந்துச்சு?"

"வேணாம்டா. போயி உங் கையால வையி."

"எங் கைக்கு என்ன ராசி இருக்கு?"

"அதாண்டா நல்லது" என்றார் மாமா.

கருத்தக்கண்ணன் அழுதுகொண்டே நட்டான். மாமா வேலிக்கு வெளியே நின்று பார்த்தார். அன்றிலிருந்து தினமும் வந்தார். வேலியைத் தாண்டவே மாட்டார். அங்கேயே நின்று, "மூணாவது வரிசையில ஒரு கொழுந்து மடங்கியிருக்கு, நிமித்திக் கட்டுடா" என்பார். கொடி கம்பியைத் தொட்டது. பந்தலில் படர்ந்தது. மற்ற தோட்டங்கள் ஒவ்வொன்றாகப் பிடுங்கப்பட, நோய் இல்லாத அந்த மூன்று தோட்டத்தை விட்டால் வட்டாரத்தில் அந்த நாற்பது சென்ட் மட்டும் பச்சையாக நின்றது. ஒருநாள் என்னிடம் சொன்னார்.

"இது ஒண்ணாச்சும் இனிச்சிறணும் ஆத்தா. ஒரே ஒரு மணி, நாக்குல வச்சுப் பார்த்துட்டுப் போயிருவேன். எனக்கு வேற ஒண்ணும் வேணாம்."

நான் சரி என்று தலையாட்டினேன். என் தொட்டி அங்கிருந்து இருபது அடி தூரத்தில் இருந்தது. பிடுங்கிவிட வேண்டும் என்று அன்றைக்கும் நினைத்தேன். ஒவ்வொரு நாளும் நினைப்பேன். காலையில் போய் நிற்பேன். புதுக் கொழுந்து ஒன்று விட்டிருக்கும். தண்ணீர் ஊற்றிவிட்டு வந்துவிடுவேன்.

இந்தச் சித்திரையில், வெயில் உச்சிக்கு ஏறிய நேரத்தில், மாமாவுக்குத் தாகம் எடுத்திருக்கிறது. என் வீட்டைச் சுற்றி முன்பக்கம் வர அலுத்துக்கொண்டு, பின்பக்கப் படலைத் திறந்து உள்ளே வந்துவிட்டார். அடுப்படியில் இருந்த எனக்குப் படல் திறக்கும் சத்தம் கேட்டது, தண்ணீர் மொள்ளும் செம்புச் சத்தமோ கூப்பிடும் சத்தமோ கேட்கவில்லை. எட்டிப் பார்த்தேன். தொட்டிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார்.

நான்கு குச்சியும் இடுப்பு உயரம் வளர்ந்து, வேலியைப் பிடித்து ஏறியிருந்தன. ஒரு சிவப்பு இல்லை. பச்சப்பசேல் என்று இருந்தன. அவரிடம் யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஐம்பது வருஷம் பார்த்த இலை. கணுவில் வெள்ளையாக மாவுப்பூச்சி அடை கட்டியிருந்தது. அதைத் தேடி வந்த எறும்புகள் சில பூச்சிகளைக் கவ்விக்கொண்டு தண்டில் ஏறி, வேலிக் கம்பியில் வரிசையாக, கருத்தக்கண்ணன் பந்தல் வரைக்கும் போய்க்கொண்டிருந்தன.

"ஆத்தா" என்றார். "இது எப்ப வச்சது?"

அவர் குந்தினார். அக்குளிலிருந்து கை வெளியே வந்தது. ஒரு குச்சியைப் பிடித்து மெதுவாக அசைத்து உருவினார். கொத்தாக வெள்ளை வேர். அதைப் பார்த்துக்கொண்டே, "வேர் நல்லாப் பிடிச்சிருச்சு" என்றார். சொல்லிவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டார்.

"உன்னை மாதிரி இன்னும் எத்தனை பேரு எடுத்தாக?"

பொய் சொல்லியிருக்கலாம். நான் ஒருத்திதான் என்று சொல்லியிருந்தால் அவர் அன்றைக்குத் தூங்கியிருப்பார்.

"நான் ஏழாவது ஆள் மாமா. எனக்கப்புறம் எத்தனை பேர்னு தெரியாது."

"யார் குடுத்தா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அந்தக் குவியல் யார் வீட்டுப் பின்கட்டில் கிடந்தது என்பது அவருக்குத் தெரியாதா? கொஞ்ச நேரம் பந்தலையே பார்த்தார். கருத்தக்கண்ணன் அங்கே ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு கொழுந்து கட்டிக்கொண்டிருந்தான். கூப்பிட்டுச் சொல்வார் என்று நினைத்தேன். என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். திட்ட வேண்டும் என்று ஏங்கினேன். அவர் கண்ணிலிருந்து தண்ணீர் தாரையாக இறங்கியது.

கை மட்டும் தன் பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருந்தது. உருவிய குச்சியைத் திரும்ப அதே குழியில் வைத்து, மண்ணைச் சேர்த்து, நகமில்லாத அந்தக் கட்டைவிரலால் சுற்றிலும் அழுத்தினார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. தான் என்ன செய்கிறோம் என்று அவருக்கே தெரியவில்லை. நான் பார்த்துக்கொண்டே நின்றேன், தடுக்கவில்லை.